காட்டுப்பாக்கம் சாலைத் தண்ணீர்ப் பந்தல்

என் ஆசை நைனாவுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமலேயே எழுதுகிறேன். என் துக்கமே அதுதான்.

இங்கே யுத்தம் நடக்கிறது. ஆவடிப் பக்கம் போனால் பட்டாளத்து லாரியும் புழுதியும்தான். அரிசி கிடைப்பதே பெரும்பாடு. நீ விஷக்காய்ச்சலில் போனபிறகு அம்மாவும் நானும் பூந்தமல்லிக்கு வந்து மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். அங்கேயே ஞானஸ்நானமும் வாங்கினோம். போன மார்கழியில் அம்மாவும் போய்விட்டாள். அவளைப் பரலோகத்தில் நான் மறுபடி பார்ப்பேன் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். உன்னைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் வயதான உபதேசியார், இயேசுவின் நாமத்தைக் கேளாமல் செத்தவர்களுக்குக் கதியே இல்லை என்று பிரசங்கம் செய்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கோபம் உனக்குத் தெரியாததா? ஆராதனை முடிந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எங்க நைனாவுக்கு யாருமே வந்து சொல்லலியே. அவரு இப்ப எங்க கீறாரு?"

"யாரும்மா உங்க நைனா?"

"காட்டுப்பாக்கம் ரோட்டுல, புளியமரத்தாண்ட, வெயில் காலத்துல தண்ணிப் பந்தல் வெச்சிகினு இருந்தாரே, அவருதான்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க நான் தண்ணி குடிச்சிகீறேன்மா" என்றார்.

வாலிபத்தில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து பிரசங்கித்தவராம். அவர் சேரியில் பிறந்தவர் என்று தெரிந்தால், மற்ற பந்தல்களில் எட்ட நிற்கவைத்து மூங்கில் குழாய் வழியாகத்தான் தண்ணீர் ஊற்றுவார்களாம். நீ ஒன்றுமே கேட்காமல் சொம்பையே கையில் கொடுத்தாயாம்.

"வாயத் தொறந்தா நீ யாரு, எந்த ஊருன்னு பேச்சு வளரும். சொம்பைப் புடுங்கிடுவாரோன்னு பயம். குடிச்சிட்டு சும்மா வந்துட்டேன். இன்னொரு தபா வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். வந்து பார்த்தா பந்தலே இல்லம்மா" என்று தேம்பினார்.

சண்டை போடப் போனவள், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன செய்வது?

"யாருன்னு கேட்டுகினு இருக்கறதுக்குள்ள அவன் நாக்கு வறண்டுடும்டீ" என்பாயே நைனா. ஐயோ, அன்றைக்கு மட்டும் நீ கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் பேச்சு வளர்ந்து, அவர் இயேசுவைப் பற்றிச் சொல்லியிருப்பார். ஆனால் கேட்காதது உன் நல்ல குணம்தானே? அதற்கா உனக்குத் தண்டனை? நான் கும்பிடுகிற ஆண்டவர் அப்படியும் செய்வாரா? உபதேசியாரிடமே கேட்டேன். "எனக்குத் தெரியலம்மா" என்றார். பிரசங்கத்தில் அவ்வளவு தெரிந்திருந்தவர்.

வருகிற சித்திரையில் அதே மரத்தடியில் அவரும் நானும் பந்தல் போடப்போகிறோம். பானைக்குச் சொல்லியாயிற்று. சொம்பு மட்டும் உன்னுடையதுதான், அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். யார் வந்தாலும் அதைக் கையிலேயே கொடுப்போம்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். என் காலம் முடிந்து பரலோக வாசலில் போய் நிற்கும்போது, "எங்க நைனா உள்ள கீறாரா?" என்றுதான் முதலில் கேட்பேன். இல்லை என்று சொன்னால் நானும் உள்ளே போகமாட்டேன். நீ வருகிறவரைக்கும் வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இங்கே எல்லாரும் எஸ்தர் என்று கூப்பிடுகிற,
உன் மகள் கன்னியம்மா