முதல் எக்ஸ்ரேயில் இருந்த நிழல்

அக்கா,

உன் நுரையீரல் கட்டியின் மரபணு அறிக்கை நேற்று மதியம் தபாலில் வந்தது. முந்தின நாள்தான் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. கட்டியில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது என்கிறது அறிக்கை. புகை பிடிக்காத பெண்களிடம் அதிகம் தென்படும் வகை என்றார் தருமபுரியில் உன்னைப் பார்த்த புற்றுநோய் மருத்துவர். "இதுக்குன்னே மாத்திரை இருக்குங்க. குணமாயிருக்கும்னு சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாங்க."

போன ஆடியில் இருமத் தொடங்கினாய். ஒகேனக்கல்லில் உன் மீன் கடைக்கு வந்த பரிசல்காரர், "ஏனுங்கக்கா, திருட்டுத்தனமா பீடி குடிக்கறீங்களா?" என்று சீண்டினார். சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடியே நீ சொன்னாய்: "எனக்கு எதுக்குய்யா பீடி? இந்த அடுப்புப் பொகையே வூடு வரைக்கும் கூட வருது. வேணும்னா நீயும் ரெண்டு இழுப்பு இழுத்துக்க."

பென்னாகரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. அங்கிருந்த மருத்துவர் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். நான் மறித்தேன். இந்த மாவட்டத்தின் காசநோயைப் பற்றி இருபது வருடம் செய்தி எழுதியவன் நான். சளியில் கிருமி இல்லை என்று இரண்டு முறை முடிவு வந்தும், "கிருமி தெரியாமலும் டிபி இருக்கும்" என்று அவரிடமே வாதாடி, டிபி மாத்திரை எழுத வைத்தேன்.

"வேற எதுனா இருக்குமாடா?" என்று நீ கேட்டாய்.

"ஆறு மாசம் மாத்திரை. போயிடும்க்கா."

"நீ சொன்னா சரி. எதையும் ரெண்டு பேருகிட்ட விசாரிக்காம நீ எழுத மாட்டியே."

அன்று நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விழுங்கினாய். கரண்டி பிடிக்கத் தெம்பில்லாமல் போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கட்டி ஆறு சென்டிமீட்டர். கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் நீ போய்விட்டாய்.

முதலில் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது இன்னும் தெரியவில்லை. சிறியதாக, ஓரிடத்தில் மட்டும் இருந்திருந்தால் அறுத்து எடுத்திருக்க முடியும். அந்தப் பழைய எக்ஸ்ரேயைச் சேலத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரிடம் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் வைத்து முழுதாகச் சொல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை உன் மகள் கேட்டாள்: "மாமா, பென்னாகரம் டாக்டர் அப்பவே ஸ்கேன் எடுக்கச் சொல்லலையா?"

"சொன்னாரு."

"அப்பறம் ஏன் எடுக்கல?"

நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். அவள் சொன்னாள்: "வெள்ளிக்கிழம நானும் சேலம் வர்றேன். டாக்டர் சொல்றத என் காதாலயே கேட்டுக்கறேன். நீங்க சொல்லி நான் கேக்க வேணாம்."

அன்று நீயும் அப்படிச் சொல்லியிருக்கலாம், அக்கா.