டார்ச் மரைக்குப் போட்ட பம்ப் கிரீஸ்

அன்புப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, முட்டி மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அதை விடு. நீயும் அங்கே குளிருக்குப் போர்த்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். சுரங்கப்பாதைக்குள் பாறை பார்க்கப் போகிற பொறியாளரைப் பாப்பா என்று கூப்பிடுவது சரியில்லைதான், ஆனால் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் யாரோ ஒருத்திக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் போனில், டார்ச் மூடி திருகும்போது கிறீச்சென்கிறது, உதட்டுக்குப் போடும் வாசலினை மரையில் கொஞ்சம் தடவிவிட்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னாய். உடனே துடைத்துப்போடு என்றேன். ஏன்ப்பா என்று கேட்டாய், சும்மாதான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். சும்மா இல்லை. ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கி ஒன்றை எனக்கு அனுப்பினாய் அல்லவா, அதற்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி, எழுதுகிற ஆள் முழுசாகத்தான் இருக்கிறேன்.

என்னுடையதும் அதே மாதிரி கிறீச்சிட்டது. பம்ப் ஹவுஸில் கிரீஸுக்கா பஞ்சம், பேரிங்குக்குப் போடும் டப்பாவிலிருந்து ஒரு விரல் வழித்து மரையிலும், தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்திலும் அப்பினேன். மூடி வழுக்கிக்கொண்டு சுழன்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், மெச்சுவதற்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள், கூட இருந்த உதவியாளரை மாற்றலில் அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, நானும் மோட்டாரும்தான். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் ஏறவில்லை, கீழ்த் தொட்டியில் குழாய் வாயை ஏதோ அடைத்துவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கினேன். மேல் திறப்பின் வெளிச்சம் ஏணி அடியோடு சரி, குழாய் வாய் சுவர் வளைவுக்கு அந்தப் பக்கம், நடுப்பகலிலும் இருட்டு. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, டார்ச்சை உள்ளே முக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்த சாக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மினுக்கியது, மஞ்சளானது, போயே போய்விட்டது.

சாக்கை இழுத்த வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றேன் என்று தெரியவில்லை பாப்பா. போன் மேலே நாற்காலியில். குரல் கொடுத்துப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை, வாயில் வந்தது உன் அம்மா பேர். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து திறப்பில் குனிந்து, மேல வர்றீங்களா நான் போகட்டுமா என்று கேட்பாளே, அந்தப் பழக்கம். நாலு சுவரும் அவள் பேரைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடங்கின. அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தேன், ஒரு தரம் கால் வழுக்கித் தண்ணீர் குடித்தேன், கடைசியில் ஏணிக் கம்பி தோளில் இடித்தது. மேலே வந்து ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஏன் நனைந்திருக்கிறாய் என்று கேட்க ஒருத்தரும் இல்லை, சட்டை தானாகவே காய்ந்தது.

டார்ச்சைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், ரப்பர் வளையம் ஊறின பருப்பு மாதிரி உப்பிப் பள்ளத்தை விட்டு வெளியே வந்து நசுங்கிக் கிடந்தது. விளக்குக் கடைக்கார அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த ரப்பருக்கு பெட்ரோலியத்துல செஞ்சது எதுவும் ஆகாதுங்க, பம்ப் கிரீஸும் ஒண்ணுதான் வாசலினும் ஒண்ணுதான், சிலிகான் கிரீஸ் போடுங்க என்றார். எல்லா வளையமும் ஒரே ரப்பர் இல்லையாம், வளையமே சிலிகானாக இருந்தால் சிலிகான் கிரீஸும் அதை உப்ப வைக்குமாம், நம்முடையது அது இல்லை, அவர் பார்த்துச் சொன்னார். அப்புறம், யாரும் துணைக்கில்லாமலா எறங்குனீங்க என்று கேட்டார். எப்பவும் அப்படித்தாங்க என்றேன். அவர் எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

இதோடு சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன ட்யூபும் நாலு வளையமும் அனுப்புகிறேன். நீ வாசலின் போட்ட வளையத்தைத் தூக்கி எறிந்துவிடு, பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. மரையை நூல் பிரியாத துணியால் துடை, தின்னர் கின்னர் கிட்டே கொண்டுபோகாதே. புது வளையத்துக்கு ஒரு மிளகளவு கிரீஸ் போதும், விரலில் தேய்த்தால் வளையம் பளபளக்க வேண்டும், கிரீஸ் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மரைக்கும் மெல்லிசாக. டார்ச் குழாயின் விளிம்பில் வெறும் உலோகமாக இருக்கிறதே, கரண்ட் போகிற இடம், அதில் படாமல் பார்த்துக்கொள், பட்டால் வெளிச்சம் துடிக்கும். மணல் ஒட்டினால் துடைத்துவிட்டு மறுபடி போடு.

அப்புறம் பக்கத்து லாரி ஷெட் காவலாளியிடம் பேசினேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று அவருக்கு ரேடியோ என்றே பேர், அதனாலேயே இத்தனை வருஷம் ஒதுங்கிப் போனேன். இப்போது நான் இறங்கும்போதெல்லாம் அவர் திறப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கொஞ்ச நேரத்துக்கொரு தரம், அண்ணே இருக்கீங்களா என்பார், இருக்கேன்பா என்பேன். முதல் நாள் அவர் ஒரு தரம் கேட்டதற்கு நான் இரண்டு தரம் பதில் சொன்னேன். வீட்டிலும் யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. நாம் போனில் பேசுகிறோம், மழையா என்கிறாய், மழைதான் என்கிறேன், அம்மா இருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது சொல்வாள், இப்போது இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும்.

வேலையில் உனக்கு நல்ல பேர் கிடைக்கட்டும், உன் தலைக்கு மேலே இருக்கிற பாறையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உள்ளே போகும்போது வெளியே ஒரு ஆளை நிறுத்திவிட்டுப் போ, உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொல். பார்சல் வந்ததும் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், இருக்கேன்ப்பா என்று ஒரு வரி போதும்.

உன் அப்பா