கருகிய பெயின்ட்

ஏப்ரல் 4

மூன்றாவது மாடி வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்து இன்று முடிந்தது. தோள் கழன்று கையோடு வந்துவிடும் போல வலி. வீட்டுக்கு வந்தால் மகள் சமையலறை மேசை முழுக்கக் காகிதம் பரப்பி வைத்திருக்கிறாள். ஒளிப்பதிவுப் பட்டப்படிப்பு, இரண்டு கல்லூரிகள். தனியார் கல்லூரியின் கட்டணத்தைப் பார்த்ததும் குடித்த தண்ணீர் புரையேறியது. நகரக் கல்லூரியில் அதில் கால்வாசிகூட இல்லை.

"படிச்சு முடிச்சா என்ன கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"முதல் மூணு வருஷம் உதவியாளர்தான்பா. உங்க ஆளுங்க வாங்குற கூலியில பாதிகூட வராது."

வேறு பிள்ளையாக இருந்தால் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டிருக்கும். இவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஏப்ரல் 6

வீட்டுக்காரி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "கணக்குப் படிக்கட்டும். போட்டோவ ஞாயித்துக்கிழமை எடுக்கட்டும்." மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். மாதச் சம்பளம் என்றால் அவளுக்குத் தெய்வம். தப்புச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் எனக்கு வேலை இல்லாதபோது அந்தச் சம்பளம்தான் சோறு போட்டது.

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். போன மாதம் நான் பெயின்ட் அடித்த வீட்டுக்கு வந்து மாடிப்படியைப் படம் எடுத்தாளே — நான் அங்கேயே கிடந்தவன், அந்தப் படியில் வெயில் மடங்கி மடங்கி இறங்குவது என் கண்ணில் படவே இல்லை. அந்தக் கண்ணைப் போய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திற என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 12

தனியார் கல்லூரிக்கு நானும் மகளும் போய் வந்தோம். அடடா, சுவர் என்றால் அது சுவர்! பட்டி பார்த்து, தேய்த்து, மூன்று கோட்டிங். தடவிப் பார்த்தேன், மேடு பள்ளமே இல்லை. சுவருக்கே இவ்வளவு பார்க்கிறவன் பிள்ளைகளுக்குப் பார்க்கமாட்டானா? ஸ்டுடியோவில் விளக்குகள் வரிசையாகப் பளபளவென்று நின்றன. மகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 13

சொன்னேன். "பித்துப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. அதற்கப்புறம் பாத்திரம்தான் பேசியது.

எனக்குப் பயமா இல்லையா? இருக்கு. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறேன். இந்த வீட்டை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு?

ஏப்ரல் 15

நகரக் கல்லூரிக்குள் நுழைந்ததுமே கண் சுவருக்குத்தான் போனது. சுவர் செதில் செதிலாக உரிகிறது. எந்தப் புண்ணியவான் அடித்தானோ, அடிப்பூச்சுக்கு ப்ரைமரே வைக்கவில்லை. "வா, போலாம்" என்றேன். மகள் அசையவில்லை. விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் கிளம்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள்: "விளக்கு முன்னாடி கதவு மாதிரி தகடு இருக்குல்லப்பா, அதுல இருக்கிற பெயின்ட்ட பாத்தீங்களா?"

எங்கே பார்த்தேன்? சுவரைப் பார்க்கவே எனக்குக் கண் போதவில்லை.

"விளக்கு எரிய எரிய சூட்டுல அந்தப் பெயின்ட் பொரிஞ்சு கருகிடும். இங்க எல்லாத் தகடும் கருகிக் கெடக்கு. அந்தத் தனியார் காலேஜ்ல ஒண்ணுலகூட ஒரு பொரி இல்ல. வாங்கி நாலு வருஷம் ஆச்சாம்பா. அங்க படிக்கிற பொண்ணுகிட்ட கேட்டேன். பாக்க வர்றவங்களுக்குக் காட்டத்தான் அந்த ரூமாம்."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அங்க படிச்சா உதவியாளர் சம்பளம் மொத்தமும் கடனுக்கே பத்தாது. கடனுக்குப் பயந்து கிடைக்கிற வேலைக்கு ஓடணும். இங்கன்னா கடன் சின்னது. அந்தக் கம்மிச் சம்பளத்துலயே தாக்குப்பிடிச்சு வேலை கத்துக்கலாம். எனக்கு அந்த மூணு வருஷம் வேணும்பா."

காலமெல்லாம் பெயின்டோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். பெயின்டைப் பார்த்து ஏமாந்தவனும் நான்தான். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் என் பெண்ணை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 16

மகளே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கருகிய தகடு உட்பட. வீட்டுக்காரி துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்திரம் பீரோவுலயே இருக்கும்ல?"

"இருக்கும்மா."

"அப்போ சேரு." முகத்தில் சிரிப்பில்லை. மனசும் முழுதாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 20

நகரக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

நவம்பர் 9

கல்லூரி ஸ்டுடியோவுக்குப் பிள்ளைகளே பெயின்ட் அடிக்கிறார்கள் என்று மகள் என்னைக் கூப்பிட்டாள். வீட்டுக்காரியும், "சும்மா எட்டிப் பாக்குறேன்" என்று கூடவே வந்தாள். சுவர் முழுக்கக் கறுப்பு, துளி மினுக்கம் இருக்கக் கூடாதாம்! என் வாழ்நாளில் கறுப்புச் சுவர் அடித்ததில்லை. பிள்ளைகள் சுவருக்குப் பாதி, முகத்துக்குப் பாதி என்று அடித்தார்கள். வீட்டுக்காரி மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்தபோது வாளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு பெண் விளக்குத் தகடுகளைக் காட்டிக் கேட்டாள்: "அங்கிள், இதெல்லாம் கருகி அசிங்கமா இருக்கு. மிச்சத்த இதுல அடிச்சிடவா?"

"அதுல மட்டும் கை வைக்காதம்மா."

சொன்னது நானில்லை. வீட்டுக்காரி, நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.