ஜெயித்த அக்கா

அன்புள்ள அப்பா,

விருத்தாசலத்தில், பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் இருக்கிறது நானும் அம்மாவும் குடிவந்த தெரு. குழாயில் தண்ணீரே வரவில்லை. தேர்தலில் ஜெயித்தவர் பக்கத்து வீட்டு சிந்தாமணி அக்கா என்பதால் அவரிடம் போய்ச் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஊருக்குப் புதுசா பாப்பா? கவுன்சிலரு அவங்க வூட்டுக்காரருதான். இவங்க கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான்!"

அக்கா சிரிக்கவில்லை. தானே போன் செய்து ஆளை வரவழைத்தார். மாலையில் தண்ணீர் வந்தது.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து அம்மாவிடம் ஐஸ் கேட்டார். "வழுக்கி வுழுந்துட்டேன்க்கா."

"அந்த வீட்டுல இருந்தப்போ நானும் அப்படித்தான் சொல்லுவேன்" என்றாள் அம்மா.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னபோது சந்தோஷமாகச் சரி என்றேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

வராதீர்கள், அப்பா.

உங்கள் மகள்