சத்தத்தைக் கூட்டினது யாரு?

கோபக்காரிக்கு,

கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லன்னு சண்டை போட்டுட்டு நீ அம்மா வீட்டுக்குப் போயிட்ட. இங்க என்கூட டீஜே வேலைக்கு வர்ற உன் தம்பி மேல எனக்குச் சந்தேகம் முத்திப்போச்சு.

கைல காசில்லாம ஊரே விசேஷத்தைச் சுருக்குது, ஒத்துக்கறேன். ஆனா வருஷா வருஷம் நம்ம டீஜே செட்டையே கூப்பிடுற தையல்கடைக்காரர், மக கல்யாணத்துக்கு ஏன் வேற ஆளைப் பிடிச்சார்? உன் தம்பிதான் அவர் காதைக் கடிச்சிருப்பான்.

போன வருஷம் தன் வீட்டு விருந்துல அவர் என் பக்கத்துல வந்து என்னமோ வாயசைச்சார். பாட்டைப் பாராட்டுறார்னு இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினேன். உன் தம்பி ஓடிவந்து குறைச்சான். என் சவுண்டு மிக்சர்ல கை வைக்க அவன் யாரு? ஸ்பீக்கரையும் அவன்தான் கெடுத்திருக்கான். பாட்டுல சலங்கைச் சத்தமே வர்றதில்ல.

நேத்து கடைக்கே போய்க் கேட்டுட்டேன். மனுஷன் என்னைப் பாவமா பார்த்தார். துணியில கோடு போடுற சாக்பீஸை எடுத்து, மேசை மேலேயே எழுதினார்: "முதல்ல காது டாக்டரைப் பாருங்க."

இதையும் உன் தம்பிதான் சொல்லிக்கொடுத்திருப்பான்.

இல்லையா? உண்மையைச் சொல்லு. எழுதியே அனுப்பு, போன் பண்ணாத. வரவர நீயும் போன்ல வாயைத் திறக்காமலே பேசுற.

இப்படிக்கு,
இன்னும் உன் புருஷன்