முடுக்கியும் இறுக்கியும்

மார்ச்சு 4

குரல்நாண் அறுவைக்குப் பின் இன்று மருத்துவர் கட்டளையிட்டார்: மாத இறுதிவரை முணுமுணுக்கலாம், முழங்கலாகாது. ஒருமுறை கத்தினாலும் புண் பிளக்கும், பிறகு குரல் மீளாது. ஏப்ரல் முதல் ஞாயிறு தமிழ் மாநாடு. நிறைவுரை என்னுடையது. வீட்டிலிருந்தால் சுவரோடாவது பேசித் தொலைப்பேன் என்று தங்கை தன் படகுப் பட்டறைக்கு இழுத்துப்போனாள். வாசலோரக் காற்றில் அமர்த்தி, முகமூடியும் மாட்டிவிட்டாள். “மூக்குக்கு மட்டும் இல்ல அண்ணே, வாய்க்கும் பூட்டு.”

மார்ச்சு 7

கண்ணாடியிழை விரிப்பின்மேல் பிசின் பூசும் வேலை. நிறைவுரையின் முதல் வரியை மனத்துள் செதுக்கிக்கொண்டிருந்தேன். குவளையில் கலந்துவைத்த பிசின் கொதித்துப் புகைந்து இறுகியது. தூரிகை அதன் நடுவே கொடிக்கம்பமாய் நட்டுக்கொண்டு நின்றது.

“நீ கைதட்டு வாங்குற வரைக்கும் இது காத்துட்டு இருக்காது அண்ணே! கொஞ்சமா கலக்கு. குவளையில குவிச்சு வெக்காத, தட்டுல பரப்பு. குவிஞ்சிருந்தா அதுவே சூடேறிச் செத்துரும். கைய நிறுத்தினா உடனே பிரஷ்ஷ அசிட்டோன்ல போடு.”

“தூரிகை,” என்று முணுமுணுத்தேன்.

“தூரிகையோ துடைப்பமோ, கல்லாப் போனா எல்லாம் ஒண்ணுதான்.”

மார்ச்சு 12

தூரிகைகள் பிழைத்தன. அவற்றைக் கழுவும் அசிட்டோனுக்கு மட்டும் இன்னும் தமிழ் வாய்க்கவில்லை.

மார்ச்சு 15

பிசினோடு சேர்ப்பவை இரண்டு. ஒன்று ஊதா நிறம், வேகம் கூட்டும். மற்றது நீர்போல் நிறமற்றது, இறுகச் செய்யும். தனித்தனியே பிசினில் கலக்க வேண்டும். ஒன்றோடொன்று நேராகச் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். இரண்டும் ஒரேபோன்ற வெள்ளைக் கேன்கள். இறுகச் செய்வதன் கழுத்தில் தங்கை ஓர் அழுக்குச் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தாள். அதுதான் அவளுக்கு அடையாளமாம். எழுத்தறிந்தோர் பட்டறையில் கந்தல் எதற்கு? அவிழ்த்தெறிந்துவிட்டு, அழகிய கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன்: முடுக்கி. இறுக்கி. என்ன இயைபு! மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள்.

“ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதே,” என்றாள்.

அதுதானே அழகு என்றேன்.

மார்ச்சு 21

மாநாட்டுச் செயலாளர் வந்தார். சுவரொட்டியில் என் பெயர் கொட்டை எழுத்தில். “ஐயா, நீங்க ஒரு சத்தம் போட்டாப் போதும், மைதானமே எந்திரிக்கும்!” தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச்சு 26

எழுதியே ஆகவேண்டும்.

தூரிகைகளை அசிட்டோனில் அலசிக்கொண்டிருந்தேன். இறுக்கி தீரும் நிலையிலிருந்த சிறு குப்பியை நிரப்ப, தங்கை பட்டறையின் மறுகோடியில் கேனைத் தூக்கினாள். சீட்டின்மேல் பிசின் வழிந்து, முன்னெழுத்துகளை மூடியிருக்கிறது. எஞ்சியது ‘க்கி’. இரண்டு கேனிலும் ‘க்கி’தானே! கேனின் வாயில் ஊதா நிறம் கண்டேன் — அது முடுக்கி. குப்பியின் அடியிலோ மிச்ச இறுக்கி. அவள் காலடியில் இன்னொரு அசிட்டோன் வாளி, பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். ஓடினால் எட்டாது. முணுமுணுத்தால் கேட்காது.

“ஊத்தாதடி!”

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? தகரக் கூரை அதிர்ந்தது. அவள் கை நின்றுவிட்டது. விழுந்தது ஒரே துளி. குப்பிக்குள் சீறிப் புகைந்தது, அவ்வளவுதான். என் வாயில் மட்டும் உப்புக் கரித்தது. துப்பினேன். சிவப்பு.

“அண்ணே… ஏண்ணே கத்துன? ஐயோ, ஏண்ணே கத்துன?”

வேறென்ன செய்ய? நான் ஒட்டின சீட்டுதானே. என் இயைபுதானே.

மார்ச்சு 28

மருத்துவர் விளக்கைத் தாழ்த்திப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார். இனி மீளுமா என்று கேட்க எனக்குக் குரலில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு

மைதானத்து ஒலிபெருக்கி பட்டறைவரை கேட்டது. நிறைவுரையை வேறொருவர் ஆற்றினார். மோசமில்லை. ஓரிடத்தில் தேவைக்குமேல் நிறுத்தினார். அங்கே நானாக இருந்தால்… போகட்டும்.

இறுக்கிக் கேனின் கழுத்தில் புதுச் சிவப்புத் துணி. என் சீட்டுகளையும் தங்கை கிழிக்கவில்லை. பிசினைச் சுரண்டி, மேலே கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கிறாள்.

கலந்த பிசினைத் தட்டில் பரப்பிக்கொண்டே, திரும்பிப் பாராமல் கை நீட்டினாள்.

“அண்ணே, அந்தத் தூரிகையக் குடு.”

அட்டைத்துண்டில் எழுதி, அவள் கண்முன் நீட்டினேன்:

எந்த பிரஷ்?