உன் பெயரில் ஒரு கம்ப்யூட்டர்

தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் செஸ் போர்டையே கவிழ்த்துவிடும் என் அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் ஆட்டோவை இப்போது பக்கத்து ஊர் வெள்ளறடைக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். அந்த ஹாரன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

நம் ஊர் வாசகசாலைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த யாரோ கொடுத்தது. அதில் செஸ் உண்டு. அது வந்த பிறகு உன் கூட்டாளிகள் யாரும் எதிரெதிரே உட்காருவதில்லை. வரிசையில் நின்று அதோடு விளையாடுகிறார்கள். நல்ல பிராக்டீஸாம். அதற்குக் கோபம் வராதாம், சலிக்காதாம். இதெல்லாம் ஒரு பெருமையா? நீ பொறி வைத்தால் உன் கால் ஆடும். அதைப் பார்த்துத்தானே நான் ஆட்டம் படித்தேன்? அந்தப் பெட்டியில் எதைப் பார்ப்பது?

அது அவர்கள் பாடு என்று விட்டிருப்பேன். உன் வருஷ நினைவு நாளுக்கு வாசகசாலைச் செயலாளர் சசி கூப்பிட்டான், போனேன். மாலை போட்ட உன் படம். பக்கத்தில் கம்ப்யூட்டர். திரையில் ஒரு பக்கம் என் பெயர், எதிர்ப்பக்கம் உன் பெயர்.

"அக்கா, இனி எப்ப வேணும்னாலும் அண்ணன்கூட விளையாடலாம். மரியாதைக்கு வச்சதாக்கும்" என்றான் சசி.

அத்தனை பேர் முன்னால் மறுக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்தேன். உன் பெயரையே பார்த்துக்கொண்டு, ராணியைக் கொண்டுபோய்க் குதிரையின் வழியில் வைத்துவிட்டேன். நீயாக இருந்தால், "மக்கா, ராணியாக்கும். எடுக்கட்டா?" என்று கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு எடுக்கவும் செய்வாய், அது வேறு. இது கேட்கவில்லை. எடுத்துவிட்டது.

எல்லாரும் கை தட்டினார்கள். "அப்பிடியே சுகுமாரன்தான்!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். வருஷக்கணக்காக உன்னோடு விளையாடியவர், அண்ணா. உன்னை அவருக்கு இவ்வளவுதான் தெரியுமா? சீ!

பாதியில் எழுந்தேன். "பேரை அழி, சசி."

"ஆடுன களி முடியட்டு அக்கா. பெறவு பாப்போம்."

"எனக்க அண்ணன் செத்தாச்சு. அவனுக்க பேருல எதுவும் என்னை ஜெயிக்காண்டாம். இப்ப அழி."

'செத்தாச்சு' என்ற அந்த வார்த்தையை இந்த ஒரு வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. சசி தலையைக் குனிந்துகொண்டு அழித்தான். ஒவ்வோர் எழுத்தாகப் போனது. உன்னைக் குழியில் இறக்கியபோது பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டவள், இதைக் கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் போர்டைத் தூக்கிக்கொண்டு போய் சசியை எதிரில் உட்காரவைக்கப்போகிறேன். தோற்றால் தோற்கிறேன். இனி தோற்பதென்றால் மனுஷரிடம்தான் தோற்பேன். சத்தியம்.

உன்னிடம் தோற்றே வளர்ந்த தங்கை,
சரோஜம்
பாறசாலை